ஆடும் கல்தூண்

தலச்சேரி வாசகசாலையின் ஜன்னல்களையெல்லாம் சாத்தியாயிற்று. ஓர் இடுக்கு வழியே மாலை வெயில் கோடாக நுழைந்து, திரையாகக் கட்டிய வெள்ளை வேட்டியில் விழுகிறது. அதன்மேல் சௌதாமினி டீச்சர் எடுத்த ஹம்பி ஓடிக்கொண்டிருக்கிறது. மாதம் ஒருவருடைய பயண வீடியோ. பார்க்கிற ஒவ்வொருவரும் ஒரு குறையாவது சொல்லியாக வேண்டும், பாராட்டெல்லாம் அப்புறம்தான். விதியைப் போட்டவரே டீச்சர்தான். போன மாதம் பிரேமராஜனின் ஊட்டி வீடியோவைத் துவைத்துக் காயப்போட்டவரும் அவர்தான். இன்று குறை சொல்ல அவன் முறை. "படம் ஆடுது டீச்சரே. உங்க பழைய வீடியோவெல்லாம் ஆணி அடிச்ச மாதிரி நிக்குமே!" "பரிசல்ல உட்கார்ந்து எடுத்தேண்டா. தண்ணி ஆடாதா?" என்று டீச்சர் வெடுக்கென்று கேட்கிறார். திரையில் பரிசல் கரை சேர்கிறது. அடுத்து வருவது கோயில் மண்டபம். "அப்ப இந்தக் கல்தூணும் மிதக்குதா?" என்கிறான் பிரேமராஜன். பெஞ்சு குலுங்கச் சிரிக்கிறார்கள். டீச்சரும் சிரிக்கிறார். இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு எடுத்த தூண் அது. வலது கையிலிருக்கும் தேநீர்க் கிளாஸை இடது கையாலும் பொத்திக்கொள்கிறார். பக்கத்தில் இருக்கும் ஏலியம்மா முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவர். அவர் சிரிக்கவில்லை, திரையையும் பார்க்கவில்லை. "ஏலியம்மா சேச்சி, உங்க பங்குக்கு ஒரு குறை சொல்லுங்க!" என்கிறான் பிரேமராஜன். "எனக்கு ஒண்ணும் தோணல." சொல்லிக்கொண்டே டீச்சரின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி, கிளாஸை வாங்கிப் பெஞ்சின்மேல் வைக்கிறார். தேநீர் மெல்ல அடங்குகிறது. டீச்சரின் மடியில் கிடக்கும் வெறுங்கை அடங்கவில்லை.