பதினஞ்சு அடி

"அந்த ராக்கையாவை நான் சும்மா விடப்போறதில்லண்ணே!"

போனை வைத்ததும் வைக்காததுமாகக் கொதித்தாள் பவானி. தேனியில் கம்ப்யூட்டரில் மேப் போட்டுக் கொடுக்கிற கடை அது. அவள்தான் அங்கே ஆபரேட்டர்.

"என்னம்மா ஆச்சு?" என்றார் முதலாளி ஜஸ்டின்.

"சின்னமனூர்ப் பக்கம் பாண்டீஸ்வரின்னு ஒரு அக்கா. வாழை போட்டிருக்காக. பக்கத்துத் தோட்டத்து ராக்கையா நம்ம மேப்பைப் பாத்துட்டு வேலியைத் தள்ளிப் போட்டுட்டாராம். 'நான் சொன்னாக் கேக்க மாட்டேங்கிறாக, நீங்களாச்சும் வந்து சொல்லுங்க'ன்னு அழுகிறாக. பொம்பளைன்னா அம்புட்டு இளக்காரம்!"

ஜஸ்டின் குரலைத் தணித்துக்கொண்டார். "மேப்பைத்தான் போன வாரமே சரி பண்ணிட்டமே?"

சரி பண்ணத்தான் செய்தாள். ஆனால் ஒருத்தரிடமும் மூச்சு விடாமல் செய்தாள்.

விஷயம் இதுதான். அந்தப் பக்கத்து விவசாயிகள் சங்கத்துக்காக, பழைய சர்வே மேப்பை இணையத்தில் ஏற்றுகிற வேலை. பழைய மேப் பூமியை அளந்தது ஒரு கணக்கில். செல்போனில் பார்க்கிற மேப்புக்கு வேறு கணக்கு. ஒன்றை இன்னொன்றாக மாற்றும்போது, 'எந்த வழியில் மாற்றட்டும்?' என்று கம்ப்யூட்டர் நாலைந்து வழிகளைக் காட்டிக் கேட்கும். பவானி அவசரத்தில் முதலில் இருந்ததை அமுக்கிவிட்டாள். அது நாட்டுக்கே பொதுவானது, நம்ம பக்கத்துக்குச் சரிப்படாது. கோடெல்லாம் மேற்கே பதினைந்து அடி நகர்ந்து உட்கார்ந்துகொண்டது.

"சங்கத்துல சொல்லிருவமாண்ணே?" என்று, மேப் இணையத்தில் ஏறியபின் தப்பைக் கண்டுபிடித்த அன்றைக்கே கேட்டாள்.

"சொன்னா அடுத்த வேலை தருவாகளா? சத்தமில்லாம மாத்திவிடு. யாரு உத்துப் பாத்திருக்கப்போறா?"

பவானியும் அதற்குமேல் மல்லுக்கட்டவில்லை. பேர் கெடப்போவது அவளுக்கும்தானே.

இப்போது ஒருத்தன் உற்றுப் பார்த்திருக்கிறான். பார்த்ததோடு விட்டானா, ஒரு பெண்பிள்ளை நிலத்தையும் சுருட்டிவிட்டான். ஸ்கூட்டியில் போகிற வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே போனாள். திட்டத் திட்டத் தன் தப்பு கொஞ்சம் சின்னதாகிக்கொண்டு வந்தது, அது ஒரு சுகம்.

தோட்டத்தில் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் குத்தவைத்து, கம்பிவேலியை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"நீங்கதான் ராக்கையாவா?"

"ஆமா தாயி. நீங்க?"

"மேப் போட்ட ஆபீஸ். ஏங்கய்யா, உங்க வயசுக்கு இது நல்லாவா இருக்கு? அடுத்தவுக மண்ணு எப்படிய்யா செரிக்கும்?"

மனிதர் எழுந்து நின்றார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தப்புத்தான் தாயி. ஊருக்குள்ள தலைகாட்டவே கூசுது."

"கூசி என்ன பண்ண? முதல்ல வேலியைப் பிடுங்குங்க!"

"ஏம்மா, ஏம்மா! அவுகளை எதுக்கு வையிற?"

வாழைக்குள்ளிருந்து ஓடிவந்தாள் ஒரு பெண். குரலை வைத்தே பாண்டீஸ்வரி என்று தெரிந்தது.

"நீங்கதானேக்கா போன் பண்ணீக, இவரு வேலியைத் தள்ளிப் போட்டுட்டாருன்னு?"

"ஆமா. ஆனா என் பக்கமா தள்ளுனாக? அவுக பக்கமில்ல தள்ளிப் போட்டுக்கிட்டாக!"

"அவரு பக்கமா?" என்றாள் பவானி.

"'இம்புட்டு நாளா உன் இடத்துல பதினஞ்சு அடியைத் தெரியாம ஆண்டு அனுபவிச்சுட்டோம், மன்னிச்சுக்க தாயி'ன்னு வாசல்ல வந்து கையெடுத்துக் கும்புடுறாகம்மா. வேண்டாண்ணேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தானே? இங்கன பாரு, என்ன பண்ணி வெச்சிருக்காகன்னு."

பவானி திரும்பிப் பார்த்தாள். பழைய வேலிக்கும் புது வேலிக்கும் நடுவே பந்தல் பிரிக்கப்பட்டுக் கல்லுக்கால்கள் படுத்துக் கிடந்தன. பக்கத்தில் வேரோடு பிடுங்கிப் போட்ட திராட்சைக் கொடிகள். பிஞ்சுக் கொத்துகூட இன்னும் முழுசாக வாடவில்லை.

குனிந்து ஒரு கொடியைத் தூக்கினாள்.

"கொடியை எதுக்குய்யா பிடுங்குனீங்க?"

"அவ இடத்துல என் பந்தல் எதுக்கு தாயி? வாழைக்கு நிழலடிக்கும்ல."

இதற்குமேல் எப்படி மறைப்பது? "அய்யா… அந்த மேப்பு தப்புய்யா. நான்தான் தப்பா மாத்திட்டேன். உங்க பழைய வேலிதான் சரி. போன வெள்ளிக்கிழமையே திருத்திட்டோம்."

"போன வெள்ளியா?" ராக்கையா கொடிக் குவியலைப் பார்த்தார். "நேத்துத்தான் தாயி பிடுங்குனேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. வேலியைத் திரும்ப நட்டுவிடலாம். கொடியை நட்டு, அது பந்தலேறிக் காய்ப்பதற்குள் ரெண்டு வருசம் ஓடிவிடும். ஒரே ஒரு போன் போட்டிருந்தால் போதும். அன்றைக்கு வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது?

அந்த நேரத்திலும் மனசு ஒரு துரும்பைத் தேடியது.

"கோடு மொத்தமா நகந்திருந்துச்சேய்யா. கிழக்கால, இந்த அக்கா பக்கம், உங்களுக்குக் குறைஞ்ச மாதிரியே, மேக்கால வாய்க்கால் வரைக்கும் உங்களுதுன்னு கூடக் காட்டியிருக்குமே. அதைப் பாத்தாவது மேப்பு தப்புன்னு தோணலையா?"

"பாத்தேன் தாயி" என்றார் ராக்கையா. "அது எனக்குச் சாதகமால்ல இருந்துச்சு? அதனால அதை மட்டும் நம்பல."