எந்தக் கால்?

"நேத்து ஒரு நோயாளியைக் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளாத குறையா வெளியே துரத்தினேன்" என்றார் டாக்டர் டெனெஷ்.

ஹங்கேரியின் மொஹாச் நகர நூலகத்தின் மாடி அறையில் வட்டமாக உட்கார்ந்திருந்த குடும்ப டாக்டர்கள் யாரும் திடுக்கிடவில்லை. மாதம் ஒருமுறை அவர்கள் கூடுவதே இதற்குத்தான். மனதை உறுத்தும் ஒரு நோயாளியைப் பற்றி யாராவது ஒருவர் சொல்ல வேண்டும். மருந்து மாத்திரை பேச்சு கிடையாது. வந்தவர் மனதில் என்ன, தன் மனதில் என்ன, அவ்வளவுதான்.

"யாரை?" என்று கேட்டார் குழுவை நடத்தும் எதெல்கா.

"குஸ்தாவ்னு திராட்சைத் தோட்டக்காரர். எழுபது வயசு, எருது மாதிரி உடம்பு. கிளினிக்கைப் பூட்டுற நேரத்துல வந்து, கால் பெருவிரல் வலிக்குதுன்னார். எந்தக் கால்னு கேட்டேன். யோசிக்கிறார்."

இளம் டாக்டர் வின்செ சிரித்துவிட்டான்.

"சிரிக்காதேப்பா. இவர் ஒருத்தர் மட்டுமில்ல. ஈஸ்டருக்கு அப்புறம் எங்க ஊருக்கே என்னமோ ஆயிடுச்சு. தினமும் கடைசி நேரத்துல யாராவது ஒருத்தர். காது அடைக்குதாம். கெட்ட கனவு வருதாம். கையில கசகசா ரொட்டி வேற. உட்கார்ந்தா எழுந்திருக்கிறதில்ல. ஒருத்தருக்கும் ஒரு நோயும் கிடையாது. நேத்து கத்தினது என் குரல் மாதிரியே இல்ல. அடுத்த வாரத்திலிருந்து சாயங்கால வேளையையே எடுத்துடப் போறேன். அறிவிப்புகூட எழுதிட்டேன்."

"சரி, நாற்காலியைப் பின்னால தள்ளுங்க" என்றார் எதெல்கா.

அதுதான் வழக்கம். சொன்னவர் வட்டத்தைவிட்டு நகர்ந்து வாயை மூடிக்கொள்ள வேண்டும். அவர் அங்கே இல்லாதது போல மற்றவர்கள் பேசுவார்கள்.

"குஸ்தாவுக்குச் சாவு பயம்" என்றான் வின்செ.

"பயந்தவன் நெஞ்சு வலிக்குதுன்னு வருவான். பெருவிரலைத் தூக்கிட்டா வருவான்?" என்றாள் டாக்டர் எமெஷே. "ஈஸ்டருக்கு அப்புறம்னாரே, அப்ப அந்த ஊர்ல என்ன நடந்துச்சு?"

பின்னால் டெனெஷுக்கு வாய் துடித்தது. என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியும். ஆனால் அதற்கும் குஸ்தாவின் விரலுக்கும் என்ன சம்பந்தம்?

"யாரோ போயிருக்கணும். மொத்த ஊரும் அரண்டு கிடக்கு" என்றான் வின்செ.

"ஊரை விடு. பக்கத்துல ஒரு மனுஷன் வந்து உட்கார்ந்தா டாக்டருக்கு ஏன் தாங்கலை?" என்றாள் எமெஷே.

எதெல்கா டெனெஷை மறுபடி வட்டத்துக்குள் அழைத்தார்.

"குஸ்தாவ் போனப்புறம் என்ன பண்ணீங்க?"

"வீட்டுக்குப் போனேன். கிளினிக்குக்கு மேலதான் வீடு."

"அப்புறம்?"

"கோட்டைக்கூடக் கழட்டலை. இருட்டுல உட்கார்ந்திருந்தேன். ஈஸ்டர் வாரத்துல என் மனைவி ஹெட்விக் தவறிட்டா. நான் இந்தக் குழுவுக்குப் புதுசு. உங்ககிட்ட சொல்லலை."



"அறிவிப்பை ஒட்டுறதுக்கு முன்னால குஸ்தாவை ஒரு தடவை பார்த்துட்டு வாங்க" என்றார் எதெல்கா. "என்னதான் விஷயம்னு கேளுங்க."

மறுநாள் காலை டெனெஷ் போனபோது, குஸ்தாவ் அடுக்களையில் வெந்நீர் வாளிக்குள் கால்களை விட்டு உட்கார்ந்திருந்தார்.

"நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது, மாமா."

"விடுங்க டாக்டர். தப்பு என்மேல. எனக்குப் பொய் சொல்ல வராது, வேற யாரையாவது போடுன்னு அப்பவே உங்க நர்ஸ் இலுஷ்கிட்ட சொன்னேன். கேட்டாத்தானே? செவ்வாய்க்கிழமை உங்க முறைதான், விரல் வலின்னு சொல்லிக்கோங்கன்னுட்டா. எந்தக் கால்னு அவ சொல்லித் தரலையே."

"என்ன முறை?"

குஸ்தாவ் தலையைச் சொறிந்தார்.

"உங்க வீட்டம்மா போனதிலிருந்து, பொழுது சாஞ்சா நீங்க விளக்குகூடப் போடாம உட்கார்ந்துடுறீங்கன்னு இலுஷ் வந்து அழுதா. அதான், சாயங்காலத்துல உங்களைத் தனியா விடக்கூடாதுன்னு ஆளுக்கொரு நாளா ஊர்ல பிரிச்சுக்கிட்டோம்."

டெனெஷின் கை கோட்டுப் பைக்குள் இருந்த அறிவிப்பைக் கசக்கியது.

"அப்போ கால்ல ஒண்ணுமில்லையே, மாமா?"

"வர்றப்ப ஒண்ணுமில்ல. நீங்க துரத்தின பிறகு, உங்க ஜன்னல்ல விளக்கு எரியுதான்னு பார்த்துட்டுப் போவோம்னு எதிர்ப்பக்கம் பனியில நின்னேன். எரிய ரொம்ப நேரமாச்சு. இப்ப ரெண்டு காலுமே வலிக்குது."