செம்பட்டை ஈ

பல் டாக்டர் தன் தொழிலில் எத்தனையோ பேர் வாயிலிருந்து பல்லைப் பிடுங்கியிருக்கிறார். ஒருவர் தொப்பியிலிருந்து ஈயைப் பிடுங்கியது அதுதான் முதல் தடவை.

தூண்டில் கழகத் தலைவர் நாற்காலியில் மல்லாந்து, வாயைப் பிளந்தபடி கிடந்தார். தாடை மரத்துப்போயிருந்தது. விளக்கு கண்ணைக் கூசும் என்று டாக்டரே அக்கறையாக அவர் கண் மேல் ஒரு துண்டைப் போட்டிருந்தார். சுவர் ஆணியில் தொங்கிய தொப்பியில் குத்தியிருந்தது அந்தச் செம்பட்டை ஈ. டாக்டர் காலால் மிதித்துத் துளைக்கருவியை வெறுமனே ஓடவிட்டுக்கொண்டே, இடுக்கியை நீட்டி ஈயைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார். வலிக்காமல் பிடுங்குவதில் அவர் பெயரெடுத்தவர்.

உயிருள்ள ஈ அல்ல. தூண்டில் முள்ளில் மிருக ரோமத்தை நூலால் இறுக்கிக் கட்டிச் செய்யும் பொய் ஈ. மீன் அதை நிஜப் பூச்சி என்று நம்பி வாயைத் திறக்கும். கழகத்தில் எல்லோரும் இப்படி ஈ கட்டுகிறவர்கள்தான். டாக்டரின் இழுப்பறைகளில் பல் செட்டுகளை ஓரம் கட்டிவிட்டு மான் ரோமமும் முயல் காது முடியும் அணில் வாலும் நரித்தோலும் குடியேறியிருந்தன. என்ன இருந்து என்ன? கழகத்து மீன்பிடிப் போட்டிக் கோப்பை மட்டும் வருஷம் தவறாமல் தலைவர் வீட்டு அலமாரிக்கே போனது.

"என்ன மிருகத்தோட முடி தலைவரே?" என்று கேட்டால், ஏரிக்கரையில் தனிக்கட்டையாகக் குடியிருக்கும் தலைவர் மீசையைத் தடவிக்கொள்வார்.

"அதைச் சொல்வேனா? லேசுல கிட்ட விடாது சார். பக்கத்துல போனாலே பாயும். பொறுமையா, தினம் ஏதாவது தின்னக் கொடுத்து, தடவிக் கொடுத்துப் பழக்கினேன். இப்ப கத்தரிக்கோலோட போனாலும் சும்மா இருக்கு."

டாக்டர் அதைக் கேட்ட அன்றே முடிவு கட்டிவிட்டார். தலைவர் வீட்டில் ஏதோ காட்டு மிருகத்தைத் திருட்டுத்தனமாக அடைத்து வைத்திருக்கிறார். அது என்னவென்று தெரிந்துவிட்டால் போதும். வனத்துறைக்கு ஒரே ஒரு போன். தலைவர் பதவி காலி, கோப்பையும் காலி.

சாயங்காலம் ஈயைப் பிரித்து, ரோமத்தைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்தார். மானில்லை. மான் முடி தடிப்பாக இருக்கும். நரியில்லை, அணிலில்லை. தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது மனைவி உள்ளே வந்தாள்.

"என்ன அது?"

"தலைவரோட ஈ. இன்னிக்கு அமுக்கிட்டேன்."

அவள் முகம் வெளுத்தது. "ஐயோ! ஏங்க உங்களுக்கு இந்த வேலை? திருப்பிக் குடுத்துடுங்க. வெளியே தெரிஞ்சா மானம் போயிடும்."

"போகப்போறது அவர் மானம். எந்த மிருகம்னு மட்டும் தெரியட்டும், ஆளைக் கம்பி எண்ண வைக்கிறேன்."

"அதை நீங்க கண்டுபிடிக்கவே வேணாம்" என்றாள் அவள், அழாத குறையாக.

புருஷன் பெயர் கெட்டுவிடக் கூடாதே என்று எப்படித் துடிக்கிறாள்! டாக்டருக்கு மனம் குளிர்ந்துவிட்டது.

மறுநாள் காலையில், டாக்டர் வீட்டு முன்னறையிலேயே இருந்த கிளினிக்கில் தலைவர் வந்து நின்றார். கன்னம் இன்னும் லேசாக வீங்கியிருந்தது.

"டாக்டர், என் ஈயைக் காணோம்."

"ஈயா? என் கிளினிக்லயா? தினம் மருந்து போட்டுத் துடைக்கிற இடம் சார் இது."

"விளையாடாதீங்க. இங்கே வர்ற வரைக்கும் தொப்பியில இருந்தது. நான் போலீசுக்குப் போவேன்."

"தாராளமா. அது என்ன ரோமம்னு போலீஸ் கேட்கும். சொல்வீங்கல்ல?"

தலைவர் சட்டென்று மேஜைப் பக்கம் திரும்பி, "நானே தேடிக்கிறேன்" என்று இழுப்பறைகளைத் திறக்க ஆரம்பித்துவிட்டார்.

டாக்டருக்கு அப்போதுதான் கொல்லையில் கட்டிக் கிடக்கும் மந்திரி ஞாபகத்துக்கு வந்தது.

மந்திரி அவர் வீட்டு நாய். தபால்காரர், கேஸ் கொண்டுவருகிறவர், டாக்டரின் கூடப் பிறந்த தம்பி என்று வெளியாள் யார் வந்தாலும் பாரபட்சம் பார்க்காமல் கடிக்கும். வீட்டு ஆள் என்பதால் டாக்டரை விட்டு வைத்திருந்ததே தவிர, அவரைத் தொடவிட்டதில்லை. சோறு வைப்பது, குளிப்பாட்டுவது, சாயங்காலம் ஏரிக்கரை வரை கூட்டிப்போவது எல்லாம் மனைவிதான். அவர்கள் திரும்ப நேரமாகும். டாக்டரும் நிம்மதியாக ஈ கட்டுவார்.

ஓடிப்போய்ச் சங்கிலியை அவிழ்த்துவிட்டார். "பிடி!"

"வேணாங்க!" என்று அலறிக்கொண்டு சமையலறையிலிருந்து மனைவி ஓடி வந்தாள்.

மந்திரி நாலுகால் பாய்ச்சலில் உள்ளே புகுந்தது. தலைவர் இடத்தைவிட்டு அசையவில்லை. நாய் அவர் மேல் தாவி முகத்தை நக்கியது. பிறகு அவர் காலடியில் மல்லாந்து விழுந்து நாலு காலையும் தூக்கிக்கொண்டது. கரிக்கட்டை போலிருக்கும் அந்த நாய்க்கு அடிவயிற்றில் மட்டும் ரோமம் செம்பட்டை என்பதை டாக்டர் அன்றுதான் பார்த்தார். அதில் ஓரிடத்தில் கத்தரிக்கோல் பதவிசாக வேலை செய்திருந்தது.

"சும்மா இருடா மந்திரி" என்றார் தலைவர், பழக்கதோஷத்தில். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

டாக்டர் மனைவியைப் பார்த்தார். மனைவி தரையைப் பார்த்தாள்.

"அடப்பாவி!" என்று கத்திக்கொண்டு டாக்டர் தலைவரின் சட்டையைப் பிடிக்கப் பாய்ந்தார்.

மந்திரி துள்ளி எழுந்து, வழக்கம்போல் வெளியாளைக் கடித்தது.