காதோரக் கோடு

"கிளி மாதிரி ஆக்கிடாதடி," என்றாள் அக்கா.

சிவந்த தழும்பை மறைக்க முதலில் பச்சை நிறப் பூச்சு. அதற்கு மேல்தான் தோலின் நிறம். ஜன்னல் வெளிச்சத்துக்கு அவள் முகத்தைத் திருப்பிவைத்து, விரல் நுனியால் ஒற்றி ஒற்றிப் பூசினேன். தேய்த்தால் திரிந்துவிடும்.

காதுக்கு முன்னால் முடியோரத்தில் ஆரம்பிக்கும் கோடு அது. மடலைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்த் தலைமுடிக்குள் மறைகிறது. தொய்ந்த முகத்தோலை இழுத்துத் தைத்த இடம்.

இடப்பக்கம் நூல்போல ஆறிவிட்டது. வலப்பக்கம்தான் தடித்துப்போய் நிற்கிறது. தலையணைகளை அடுக்கி மல்லாந்து தூங்கச் சொல்லியிருந்தார்கள். அவள் தூக்கத்தில் வலப்பக்கமே புரண்டுவிடுவாள். எத்தனையோ ராத்திரி நான்தான் எழுந்து நிமிர்த்திப் படுக்க வைத்திருக்கிறேன்.

வீட்டில் நானும் அவளும் மட்டும்தான். அதனால் தையல் பிரித்த நாளிலிருந்து தழும்பு என் பொறுப்பு. காலையிலும் இரவிலும் ஜெல். கோடு வெளுக்கும்வரை அழுத்தி, வட்ட வட்டமாக நீவிவிட வேண்டும். வலித்தாலும் வாயைத் திறக்க மாட்டாள். வெயில் பட்டால் கறுத்துவிடும் என்று மாடியில் துணி காயப்போடுவதுகூட என் வேலையாகிவிட்டது.

போகப் போகத் தானாக மங்கிவிடும், அவசரப்படக் கூடாது என்றுதான் நர்ஸ் சொல்லியிருந்தாள். ஆனால் அக்காவைப் பெண் பார்க்க அவர் இன்றைக்கே வருகிறேன் என்றுவிட்டார்.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். இத்தனை நாளும் போனில் பேசியதோடு சரி. நேரில் வருவது இதுதான் முதல்முறை. தனக்கு முப்பத்து நாலு வயது என்று அக்கா அவரிடம் சொல்லியிருந்தாள். அதில் பத்து வயதை முழுங்கிவிட்டாள்.

"நாள் பூரா அடுத்தவங்க காதுக்குப் பின்னாடியே கைய வைக்கிற மனுஷன்டி. வேற தொழிலே கிடைக்கலையா அவருக்கு?"

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரிக்கப் போய், இழுக்கிறது என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

இதற்கு முன்னால் ஒருத்தர் இருந்தார். நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். வயது தெரிந்ததும் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். அன்று குளியலறைக்குள் போன அக்கா வெகுநேரம் வெளியே வரவேயில்லை. நான் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தேன். இன்னொரு தடவை இப்படி ஆனால் தன்னால் தாங்க முடியாது என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

உனக்கு இது சின்ன விஷயமாகப் படலாம். இந்த ஊருக்கு வந்தபிறகு எனக்குக் கிடைத்த ஒரே சிநேகிதி நீ, வாய்விட்டுச் சொல்வது உன்னிடம்தான். இப்போதுகூட, ராத்திரி அவள் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டால் எழுந்துபோய்க் கதவருகில் நிற்கிறேன்.

அவர் வந்தார். எனக்கென்று கடையிலிருந்து ஒரு கூலிங்கிளாஸ் கொண்டுவந்திருந்தார்.

முடி பறக்கக் கூடாது என்று மின்விசிறியை நிறுத்தி வைத்திருந்தோம். அவளுக்கு இடப்பக்கமாக அவருடைய நாற்காலியைப் போட்டிருந்தேன். அவருக்குப் புழுங்கியது. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். அது வலப்பக்கம்.

அப்போது பார்த்துக் காற்று வந்தது.

முடி விலகியது. அவர் பேச்சை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார். காதுகிட்ட என்ன தடிப்பு என்று கேட்டார். டீ கோப்பையை நீட்டிய அக்காவின் கை அப்படியே நின்றது.

நான்தான் முந்திக்கொண்டேன். முடி சுருட்டும் கம்பியை வைத்து அழகு பண்ணுகிறேன் பேர்வழி என்று, காதோரத்தைச் சுட்டுவிட்டதாகச் சொன்னேன். எங்கிருந்து வந்ததோ, எனக்கே தெரியாது.

"அக்காவுக்கே சூடு வெச்ச தங்கச்சிய இப்பதாம்மா பாக்குறேன்," என்று சிரித்தார்.

அக்காவும் சிரித்தாள். உதட்டால் மட்டும்.

தப்பித்தோம் என்று நினைத்தேன். அவர் டீயைக் குடித்து முடித்தார். பிறகு நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். குரல் இறங்கிவிட்டது.

தனக்குப் பெரியவர்கள் என்று யாரும் இல்லை, தன் தாயார் போன வருஷம்தான் தவறினார் என்றார். இந்த வீட்டுப் பெரியவர்களிடம் முறையாகக் கேட்டுத்தான் அக்காவைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டாராம். அம்மா இல்லை என்று மட்டும் சொன்னவள், அதற்கு மேல் வாயே திறக்கவில்லையாம். அவளைக் கேட்டு அழவைக்க மனசில்லை, அதனால்தான் என்னைக் கேட்பதாகச் சொன்னார். நல்ல மனிதர்.

"அம்மா தவறி எத்தன வருஷமாச்சும்மா?"

ஊர், பள்ளிக்கூடம், எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஏன் இவ்வளவு வயது வித்தியாசம் என்பதுவரைக்கும் பதில் தயார் செய்து வைத்திருந்தோம். இதை மட்டும் யோசிக்கவில்லை.

"நான் பொறந்தன்னைக்கே," என்றேன்.

எதிரில் அக்காவாக உட்கார்ந்திருந்த அம்மா, சரியாகச் சொன்னாய் என்பதுபோல, எனக்கு மட்டும் தெரியும்படி தலையசைத்தாள்.