அணைத்து வைத்த அடுப்பு

தேயிலைத் தோட்ட லயத்தில், தன் வீட்டு வாசலில் நிற்கும் பிக்கப்பின் அடியில் மல்லாந்து கிடக்கிறான் யோகேஸ்வரன். பெட்ரோல் வாடையை மூடுபனி மேலே போகவிடாமல் அமுக்கி வைத்திருக்கிறது. தீப்பொறி பறந்துவிடக் கூடாதென்று அவன் மனைவி ஜீவராணி காலையிலேயே அடுப்பை அணைத்துவிட்டாள். கழற்றிய பழைய பெட்ரோல் பம்ப் சாக்கின் மேல் கறுத்துக் கிடக்கிறது. பெட்ரோல் கிடைக்காத நாட்களில் மண்ணெண்ணெய் கலந்து ஊற்றிய பாவம் அவனுடையதுதான். டேங்க்கை இறக்கிய பிறகுதான் மேல் லயத்து அழகுமுத்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார் என்று சத்தம் வந்தது. தோட்டத்து லொறி கொழுந்தோடு போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேறு வண்டி இல்லை. “இன்னும் எவ்வளவு நேரங்கண்ணே?” அவர் மகன் கிஷாந்த் ஓடி வந்து கேட்பது இது மூன்றாவது தடவை. “ஒரு போல்ட்டுதான் தம்பி. அப்பாவ கம்பளியில சுத்தித் தூக்கிட்டு வந்துருங்க.” அந்த போல்ட் விரலில் வழுக்கிச் சேற்றில் விழுகிறது. துழாவி எடுத்துச் சட்டையில் துடைத்து முடுக்குகிறான். சீட்டில் ஏறிச் சாவியைத் திருப்பியதும் புதுப் பம்ப் மெல்ல முனகுகிறது, எஞ்சின் பிடித்துக்கொள்கிறது. “டேங்க்க மூடியாச்சுல்ல? வழிக்குச் சுடுதண்ணி வச்சுத் தர்றேங்க” என்று உள்ளே ஓடுகிறாள் ஜீவராணி. கதவு வழியே அவள் தீக்குச்சி உரசுவது தெரிகிறது. படிக்கட்டில் கிஷாந்த் மறுபடியும் வருகிறான். இந்த முறை ஓடவில்லை. ஒவ்வொரு படியாக இறங்கி வருகிறான். பார்த்துவிட்ட ஜீவராணி குச்சியை ஊதி அணைக்கிறாள். பிரேதம் எடுக்கும்வரை இனி லயத்தில் எந்த வீட்டுக் காம்பராவிலும் அடுப்பு எரியாது. வாசலில் எஞ்சின் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.