பரிந்து பேச ஆளில்லாதவன்

தராஸ் நகரில் கட்டாய ராணுவச் சேவைக்கு உடல் பரிசோதனை நடந்தது. மகன் தௌலெத்துக்கு எப்படியாவது விலக்கு வாங்கிவிட வேண்டும் என்று ரௌஷான் வந்திருந்தாள்.

"பெரிய மனுஷங்க வீட்டுப் பிள்ளைங்களுக்கெல்லாம் தட்டைப் பாதம்னு விலக்காம்! நம்ம பிள்ளைங்கதான் எல்லையில போய் விறைச்சு நிக்கணும்" என்று அவள் பொரிந்துதள்ள, வரிசையே சிரித்தது.

அவர்களுக்கு முன்னால் நின்ற மிராஸ் என்ற பையனின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, பெண் டாக்டர் குல்பான் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பாவம், தனியா வந்திருக்கான். பரிஞ்சு பேச ஒரு நாதியில்ல" என்றாள் ரௌஷான்.

'தகுதியுடையவர்' என்று எழுதி டாக்டர் முத்திரை குத்தினார்.

மிராஸ் சட்டையை மாட்டிக்கொண்டு டாக்டரைப் பார்த்துச் சொன்னான்: "சரிம்மா, நான் வீட்டுக்குப் போய் அடுப்பைப் பத்தவைக்கிறேன். நீ சீக்கிரம் வந்துடு."

ரௌஷான் டாக்டரையும் பையனையும் மாறி மாறிப் பார்த்தாள். பெற்றவளே குத்திய முத்திரையா அது!

டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். விலக்கு என்ற பேச்சையே ரௌஷான் எடுக்கவில்லை.

"போடா தௌலெத், உன்னைத்தான் கூப்பிடுறாங்க" என்றாள்.