கழுத்துச் சந்தனம்

“நம்பர் எங்கே மேடம்?” என்று கேட்டான் ஜஸ்டின்.

கயல் குனிந்து பார்த்தாள். ஹேண்டில்பாருக்குக் கீழே, வண்டியின் கழுத்தில், பதினேழு எழுத்தாக அடித்திருக்க வேண்டிய சேசிஸ் நம்பரைக் காணோம். அந்த இடத்தில் காய்ந்து கல்லாகிப்போன சந்தனம் இருந்தது. அதற்கு மேல் அன்று காலையில் வைத்த புதுப் பொட்டு.

சுருளிப்பட்டியில் ராக்கையாவின் திராட்சைப் பெட்டிக் கொட்டகை அது. கனத்த பலகைத் தட்டின்மேல் நாலு பக்கமும் பெல்ட் போட்டு மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருந்தார்கள். முன்சக்கரத்தைக் கழற்றி, பெட்ரோலை வடித்து, பேட்டரி வயரைப் பிரித்து டேப் சுற்றியாகிவிட்டது. ராக்கையா வாயில் நாலு ஆணியைக் கவ்வியபடி சுத்தியலோடு காத்திருந்தார்.

ஜஸ்டின் கொச்சியிலிருந்து வந்திருந்த சரக்கு ஏஜெண்டின் ஆள். எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் காகிதத்தில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று பார்த்த பிறகுதான் சுற்றிலும் பலகை அடித்து மூடவிடுவான். மூன்று மணிக்குள் லாரி கிளம்பிக் குமுளி மலை ஏறினால் நாளைக்கு விமானம். நைரோபியில் இறக்கி, அங்கிருந்து முப்பத்தெட்டு நாள் தெற்கே ஓட்ட வேண்டும். நாளைய விமானத்தை விட்டால் அடுத்த இடம் இருபது நாள் கழித்துத்தான். கூடப் போகிற ஏழு பேர் அதுவரை நைரோபியில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

மணி இரண்டு ஐந்து.

கயல் நோட்டைப் பிரித்தாள். முப்பத்தோரு வேலை, முப்பத்தோரு டிக். ஒன்பதாவது வேலை, துளி மண் இல்லாமல் வண்டியைக் கழுவுவது. கழுவியதும் அவள்தான், டிக் போட்டதும் அவள்தான்.

நாலு மாதமாக மாலை வகுப்பு முடிந்து வந்து ஒவ்வொரு படிவமாக நிரப்பியிருந்தாள். எதையோ ஒன்றை விட்டிருப்போம் என்ற பயம் ஒருநாளும் அவளை விட்டுப் போகவில்லை.

விட்டது இதுதான்.

“இதென்ன பெரிய வேல, ரெண்டு தட்டுல பேத்துர்றேன்” என்று உளியை எடுத்தார் ராக்கையா.

“ஐயோ, வேண்டா சேட்டா!” ஜஸ்டின் குறுக்கே கையை நீட்டினான். நம்பரில் ஒரு கீறல் விழுந்தாலும் திருத்தியிருக்கிறார்கள் என்று சொல்லிக் கஸ்டம்ஸில் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். மண்ணெண்ணெயும் தொடக் கூடாது. வாடை வந்தால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.

கயலின் அம்மா சங்கிலியம்மாள் அதுவரை ஓரமாக நின்றிருந்தாள். அவள் முகம் செத்துப்போயிருந்தது.

பதினோரு வருடம் கம்பம்மெட்டு ஏறி இறங்கி ஏலத்தோட்டத்துக்குப் போய்வந்த வண்டி. வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்குப் பொட்டு வைத்தது அவள் கைதான். முகப்பு விளக்கில் வைத்தால் மலையில் பெய்கிற மழைக்குக் கரைந்துவிடுகிறது என்று, நனையாத இடமாகப் பார்த்துக் கழுத்தில் வைத்தாள். சாமிக்கு வைத்ததை அழிக்கக் கூடாது என்று பழையதன்மேலேயே புதிதை அப்பிக்கொண்டு வந்தாள்.

“ஏத்தா கயலு, நாந்தேன் கெடுத்துப்புட்டேனா?”

கயல் ஒன்பதாவது டிக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தால் அழுதுவிடுவாள்.

சங்கிலியம்மாள் சேலையை இழுத்துச் செருகினாள். எதிர்த்த டீக்கடைக்கு ஓடி, ஒரு சொம்பு வெந்நீரோடு திரும்பினாள். துண்டை முக்கிப் பிழிந்து வண்டியின் கழுத்தில் வைத்து அழுத்தினாள். ஆறியதும் எடுத்தாள். மறுபடி முக்கினாள். சுளுக்குப் பிடித்தவருக்கு ஒத்தடம் கொடுக்கிற அதே பக்குவம்.

“என்ன மதினி, வண்டிக்குக் காய்ச்சலா?”

“மொதல்ல ஒங்க வாயில கெடக்குற ஆணிய முழுங்கிறாம பாருங்க.”

இரண்டு இருபது. இரண்டரை. சந்தனம் அசைகிற வழியாக இல்லை.

கயல் நோட்டைக் கீழே வைத்தாள். இன்னொரு துண்டை எடுத்து முக்கிப் பிழிந்து அம்மாவிடம் நீட்டினாள். அதன்பிறகு இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள்.

இரண்டே முக்காலுக்கு ஒரு ஓரம் லேசாகத் தூக்கியது. சங்கிலியம்மாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, இரும்பில் படாமல் நகத்தை நுழைத்தாள். பொத்தென்று ஒரே வில்லையாக அவள் உள்ளங்கையில் விழுந்தது. அடுக்கடுக்காக மஞ்சளும் சிவப்பும்.

கயல் துணி நுனியால் பள்ளங்களைத் துடைத்துவிட்டு ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாள். ஜஸ்டின் காகிதத்தில் புள்ளி வைத்துக்கொண்டே வந்தான்.

பன்னிரண்டாவது எழுத்தில் நின்றுவிட்டாள். இரும்பில் எட்டு மாதிரித் தெரிந்தது. படிவத்தில் அவள் அடித்தது மூன்று.

மறுபடி துடைத்தாள். பள்ளத்தில் ஒட்டியிருந்த கடைசித் துணுக்குச் சந்தனம் துணியோடு வந்தது.

மூன்றேதான்.

பதினேழும் சரியாக இருந்தன. ஜஸ்டின் செல்போன் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தான். ஒரு கீறல்கூட இல்லை. “ஓகே மேடம்” என்றான்.

கயல் அப்படியே ஒரு திராட்சைப் பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு வந்தது. ராக்கையா முதல் ஆணியை அடித்தார். அந்தச் சத்தத்தை அவள் ஆசை தீரக் கேட்டாள்.

ஜஸ்டின் படிவத்தை அட்டையில் வைத்து அவளிடம் நீட்டினான்.

“வண்டி ஓட்டுறவங்க இங்கே ஒரு ஒப்பு போடணும்.”

கயல் பேனாவை வாங்கி அம்மாவிடம் கொடுத்தாள்.

சங்கிலியம்மாள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரியே நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.

ஜஸ்டின் பெயரைப் படித்தான். அவளைப் பார்த்தான். பிறகு கயலைப் பார்த்தான்.

“அவளுக்குச் சைக்கிளே வராது தம்பி” என்றாள் சங்கிலியம்மாள்.